‘பீம்’ என்ற சொல்லின் வேரைத் தேடும் முறை

கூரையைத் தாங்கும் உத்தரத்துக்கும், இரவில் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு வீசும் ஒளிக்கற்றைக்கும் ஆங்கிலத்தில் ‘பீம்’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. இப்படி ஒட்டாத இரு பொருள்கள் ஒரே சொல்லில் தங்கியிருப்பதைக் கண்டால், அகராதி தரும் முதல் பொருளோடு நின்றுவிடாமல், அதன் சொற்பிறப்புக் குறிப்பையும் படியுங்கள். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மரத்தைக் குறித்தது என்பது அங்கே தெரியவரும்.

அடுத்து உறவு மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனில் ‘பவும்’, டச்சில் ‘போம்’ ஆகியவை இன்றும் மரத்தையே குறிக்கின்றன. ஆங்கிலத்திலும் ‘ஹார்ன்பீம்’, ‘ஒயிட்பீம்’ என்ற மரப்பெயர்களில் பழம்பொருள் அப்படியே இருக்கிறது. பேச்சு மாறினாலும் பெயர்கள் எளிதில் மாறுவதில்லை என்பதால், நான் முதலில் நாடும் சான்று இத்தகைய பெயர்கள்தாம்.

மரம் உத்தரமானதில் வியப்பில்லை. ஒளியானது எப்படி என்பதற்கு மொழிபெயர்ப்பு வரலாற்றுக்குள் போக வேண்டும். விவிலியத்தில் யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலருக்கு இரவில் வெளிச்சம் காட்டிய அக்கினி ஸ்தம்பம் வருகிறது. அதிலுள்ள தூணைச் சுட்டும் ‘கொலும்னா’ என்ற லத்தீன் சொல்லை, மரத்தைக் குறித்த இந்தச் சொல்லால் பழைய ஆங்கிலத்தார் பெயர்த்ததிலிருந்து ஒளிப்பொருள் பிறந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பாளர் தரும் விளக்கம். அந்த ‘பிறந்திருக்கலாம்’ என்பதை, உங்கள் குறிப்பேட்டில் எழுதும்போது ‘பிறந்தது’ என்று மாற்றிவிடாதீர்கள்.