திருக்கோவில் கரையின் கறுப்பு மணலை அளந்து மதிப்பிடும் முறை

மாரி ஓய்ந்து வாடைக்காற்றுத் தணிந்த தை மாதக் காலையில் அம்பாறை மாவட்டத்தின் தம்பிலுவில், திருக்கோவில் கரையோரமாக நடப்பவர்கள், அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே கறுப்பு மணல் பட்டையாகப் படிந்திருப்பதைக் காணலாம். ஏறிவரும் அலை எல்லா மணிகளையும் சுமந்து வருகிறது. வடிந்து திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லாததால், இலேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துக்கொண்டு பாரமான கனியங்களை மேலேயே விட்டுவிடுகிறது. வெள்ளை மணலின் பெரும்பகுதியான குவார்ட்சின் அடர்த்தி 2.65; இரும்பும் தைத்தேனியமும் கொண்ட கறுப்புக் கனியமான இல்மனைற்றின் அடர்த்தி 4.5 முதல் 5 வரை. பட்டை உருவாவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இல்மனைற்று அகழ்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தரப்பினர் அந்தப் பட்டையைக் காட்டிக் கோடிக்கணக்கில் கணக்குச் சொல்வார்கள். மறுதரப்பினரிடம் பதில் சொல்ல எண்ணிக்கை எதுவும் இருக்காது. கண்ணுக்குத் தெரியும் பட்டை கனியப் படிவின் அளவுகோல் ஆகாது என்பதையும், ஆழம் முழுவதற்குமான சராசரியை எப்படிக் கணிப்பது என்பதையும் நம்மவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. கனியங்களைத் தேடி ஆராய்வதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் தேவை. கரையோர வலயத்துக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். ஆகவே பாடசாலையோ கிராம அமைப்போ கற்றலுக்காகச் சிறிதளவு மணல் எடுப்பதாயினும், பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்ற பின்பே தொடங்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழையை ஆய்வுகூடத்தில் திருத்த முடியாது. நான் இந்த வேலையைப் பழகத் தொடங்கிய காலத்தில், ஒரு தை மாதத்தில் கறுப்புப் பட்டையிலேயே மாதிரி அள்ளி, பாதிக்கு மேல் பாரக் கனியம் என்று எழுதிக் கொடுத்தேன். அதே இடத்துக்கு ஆவணியில் திரும்பிப் போனபோது அந்தப் பட்டையின் மேல் வெளிறிய மணல் மூடிக் கிடந்தது. அன்றிலிருந்து பட்டையைத் தனியாகக் குறித்துக்கொள்வேனே தவிர, சராசரியில் சேர்ப்பதில்லை. கரைக்குக் குறுக்காக, கடலிலிருந்து நிலப்பக்கம் நோக்கி நேர்கோடுகள் வகுத்து, ஒவ்வொரு கோட்டிலும் சம இடைவெளியில் துளையிட வேண்டும். துளையில் அரை மீற்றருக்கு ஒரு மாதிரி வீதம் தனித்தனிப் பையில் இட்டு, துளையின் எண், ஆழம், திகதி ஆகியவற்றைப் பையின் மேலும் கொப்பியிலும் எழுத வேண்டும்.

நிலத்தடி நீர்மட்டம் வரை, கையால் சுழற்றித் துளையிடும் கைத்துரப்பணம் சிரமமின்றி இறங்கும். அதற்குக் கீழே மணல் சரிந்து துளையை மூடும். மேல் அடுக்கின் கறுப்பு மணிகளும் கூடவே விழுந்து, வறிய அடி மணலைச் செழிப்பானதாகக் காட்டிவிடும். நாலு அங்குல பிவிசி குழாயைத் துரப்பணத்துக்கு முன்னே அழுத்தி இறக்கி, குழாயின் உட்புற மணலை மட்டும் எடுத்தால் இந்தக் கலப்பு பெருமளவு குறையும். ஆழமான மாதிரிகள் எப்படி எடுக்கப்பட்டன என்று ஓர் அறிக்கை சொல்லாவிட்டால், அதன் அடி அடுக்கு எண்களை நான் நம்புவதில்லை.

எடுத்த மணலை உரப்பையின் மேல் பரப்பிக் காயவிட வேண்டும். காய்ந்ததைக் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டையாக்கி, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். அதை 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்துச் சிப்பித் துண்டுகளை நீக்கலாம். ஆனால் அவற்றின் நிறையையும் மொத்தத்தில் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்தப் படியைத் தவறவிட்டால் விகிதம் பொய்யாக உயரும்.

அடுத்தது கழுவிப் பிரித்தல். இதற்கு நம் வீடுகளில் அரிசியில் கல் அரிக்கும் அரிக்கன்சட்டியே போதும். சட்டியைச் சாய்த்துச் சுழற்றும்போது அரிசி நீரோடு மிதந்து வெளியேற, கல் உட்புற வரிகளில் தங்குகிறது. இங்கே அரிசியின் இடத்தில் வெள்ளை மணல், கல்லின் இடத்தில் கறுப்பு மணல். ஒரு கைப்பிடி மணலை இட்டு, நீர் மூடும்வரை ஊற்றி, முதலில் கையால் நன்றாகக் கலக்கிக் களியை வடித்துவிட வேண்டும். பின்னர் சட்டியை வட்டமாக ஆட்டினால் வெள்ளை மேலே வரும். விளிம்பைத் தாழ்த்தி அதை மெல்ல இன்னொரு பாத்திரத்தில் ஒழுகவிட வேண்டும். கறுப்புக் கோடு விளிம்பை நெருங்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். மிக நுண்ணிய மணிகள் நனையாமல் நீர்ப்பரப்பில் மிதந்து போகும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி சேர்த்தால் அவையும் அடியில் படியும். வெளியேற்றிய மணலை மறுபடியும் அரித்துப் பாருங்கள். முதல் தடவை கிடைத்ததில் பத்திலொரு பங்குக்கு மேல் இரண்டாம் தடவை கிடைத்தால் கை இன்னும் பழகவில்லை என்று பொருள்.

மிஞ்சிய பாரக் கனியத்தைக் காயவைத்து நிறுத்த பின், காந்தத்தால் பிரிக்கலாம். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டால், காந்தத்தை வெளியே இழுக்கும்போது ஒட்டிய மணிகள் தாமாகவே உதிரும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தால் மக்னற்றைற்று என்னும் இரும்புக் கனியம் மட்டும் துள்ளி ஒட்டும். பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து எடுத்த நியோடிமியக் காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் இல்மனைற்று வரும். செந்நிறக் கானற்று தயங்கித் தயங்கி வரும். இவ்விரண்டையும் பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். கானற்று வேறு கனியம் என்பதால், சிவப்புக் கலந்த மணலை முழுவதும் இல்மனைற்று என்று எண்ணுவது பெரிய பிழை. காந்தத்துக்கு வராமல் மிஞ்சுவதில் ரூற்றைல், சிர்கோன், தப்பிய குவார்ட்சு ஆகியவை இருக்கும். மொனசைற்று என்னும் பாரக் கனியத்தில் கதிரியக்கத் தோரியம் உண்டு. அது சிறிதளவு கலந்திருக்கக்கூடும் என்பதால், செறிவாக்கிய மணலை வீட்டினுள் வைக்காதீர்கள். காய்ந்த மணலைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள்.

இனிக் கணக்கு. கற்பனையான ஒரு துளையை எடுத்துக்கொள்வோம். மேல் அரை மீற்றரில் நூற்றுக்கு 20 வீதம், அடுத்த அரை மீற்றரில் 6 வீதம், அதற்குக் கீழ் 2 மீற்றரில் 2 வீதம் பாரக் கனியம் உள்ளது. தடிப்பால் பெருக்கிக் கூட்டினால் 10, 3, 4 என மொத்தம் 17. அதை 3 மீற்றரால் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 5.7 வீதம். ஒரு கிலோமீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழம் என்றால் 3 இலட்சம் கன மீற்றர். கன மீற்றருக்கு 1.6 தொன் வீதம் 4 இலட்சத்து 80 ஆயிரம் தொன் மணல். அதில் பாரக் கனியம் சுமார் 27,200 தொன். மேல் அடுக்கின் 20 வீதத்தை ஆழம் முழுவதற்கும் விரித்துச் சொல்பவர் 96,000 தொன் என்பார்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பாரக் கனியத்தில் இல்மனைற்று 60 வீதம் என்றும், நீரோடு ஓடவிட்டுப் பாரமான மணிகளைப் பிரிக்கும் சுருள் பிரிப்பான்களில் 85 வீதமும் உலர் காந்தப் பிரிப்பில் 90 வீதமும் மீட்கப்படுகிறது என்றும் வைத்துக்கொண்டால், கையில் கிடைப்பது ஏறத்தாழ 12,500 தொன். அதாவது ஒரு தொன் இல்மனைற்றுக்காக 38 தொன் மணலைத் தோண்டி, கழுவி, திரும்ப நிரப்ப வேண்டும். ஒரு தொன் மணலைத் தோண்டிக் கழுவும் செலவை 38 ஆல் பெருக்கி, உலர்த்தும் எரிபொருள், போக்குவரத்து, அரசுக்கான உரிமைப்பங்கு, நிலத்தை மீளமைக்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டினால்தான் விற்பனை விலையுடன் ஒப்பிட முடியும். அந்த விலையும் நிலையானதல்ல. இல்மனைற்றின் பெரும்பகுதி, பெயின்ற்றில் சேர்க்கும் வெண்ணிறமியின் தயாரிப்புக்குப் போவதால், உலகில் கட்டட வேலையும் பெயின்ற் விற்பனையும் மந்தமாகும்போது விலையும் இறங்கும். குரோமியம் போன்ற மாசு கூடினால் வாங்குவோர் மேலும் குறைத்தே கேட்பார்கள். திருகோணமலை மாவட்டத்திலுள்ள புல்மோட்டை இல்மனைற்றுப் படிவின் செறிவு உலகளவிலேயே அரிது. அதை வைத்து நம் கரையை மதிப்பிடக் கூடாது.

எனக்குப் பெரும் கவலை தருவது தண்ணீர்தான். சுருள் பிரிப்பானுக்குப் போகும் கலவையில் மூன்றிலொரு பங்கு மணலும் இரண்டு பங்கு நீருமாக இருக்கும். பெரும்பகுதியை மீளப் பயன்படுத்தலாம். ஆனால் உப்பைக் கழுவ நன்னீர் தேவை. கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 40 சாண் ஏறும். கரைமணலும் அசையாத சொத்தன்று. ஒலுவிலில் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் வடபக்கக் கரை எவ்வளவு வேகமாக அரித்துச் செல்லப்பட்டது என்பதை நிந்தவூர்வரை உள்ளவர்கள் அறிவார்கள். தோண்டிய குழியை நிரப்பினாலும், அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பற்றிப் பிடித்திருந்த மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்துத் திரும்பப் பரப்பாவிட்டால், காற்று அந்த மணலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும்.

திட்டம் வருகிறதோ இல்லையோ, கிணறுகளின் பதிவை இந்த மாதமே தொடங்குங்கள். கரையிலிருந்து வெவ்வேறு தூரங்களில் ஐந்தாறு கிணறுகளைத் தெரிந்து, கட்டின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையான ஆழத்தையும், நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியின் அளவையும் மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், காலையில் நீர் இறைப்பதற்கு முன் எழுதுங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களின் அளவுகள் கட்டாயம் வேண்டும். கொப்பியின் ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்துத் திகதியிட்டுக் கையொப்பம் பெற்று வைத்திருங்கள். தோண்டல் தொடங்கிய பின் கிணறு உவர்த்தால், முன்னைய நிலையைக் காட்ட அந்தத் தாளே உங்களிடம் இருக்கும்.