குமாசிக்கு வருமுன் உங்கள் பிறந்த கிழமையைக் கேட்டு வாருங்கள்

கானாவின் குமாசி நகருக்கு வேலைக்கு வருகிறவர்கள் புளி, பருப்பு, குக்கர் என்று மறக்காமல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கூடவே அம்மாவிடம் ஒன்றைக் கேட்டு வாருங்கள்: நான் எந்தக் கிழமை பிறந்தேன்? இங்கே முதல் வாரத்திலேயே யாராவது விசாரிப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால், "அப்போ நீ கோஃபி" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அதன்பிறகு அந்தத் தெருவுக்கு நீங்கள் கோஃபிதான்.

குமாசிப் பகுதியின் அசாந்தி மக்களுக்குக் கிழமைப் பெயர் உயிரோடு கூடவே வந்த பெயர். திங்களில் பிறந்த ஆண் குவாஜோ, பெண் அஜுவா. செவ்வாய்க்குக் குவாபெனா, அபெனா. புதனுக்குக் குவாக்கு, அகுவா. வியாழனுக்கு யாவ், யா. வெள்ளிக்குக் கோஃபி, அஃபுவா. சனிக்குக் குவாமே, அமா. ஞாயிறுக்குக் குவாசி, அகோசுவா.

நம்மவர்கள் குவாசியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தமிழில் நமக்குள் பேசும்போது "வந்தது குவாசியா?" என்று இயல்பாகக் கேட்டுவிடுவோம். அசாந்திகள் பேசும் ட்வி மொழியில் கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள சொல்லுக்கு முட்டாள் என்று பொருள், கடுமையான வசை. பக்கத்தில் நிற்கிறவர் முகம் சுருங்கிப்போகும்.

கிழமைக்கு ஏற்ற குணமும் உண்டு என்பார்கள்: திங்கள் பிள்ளை சாது, புதன் பிள்ளை முன்கோபி. குஸ்தாவ் ஜஹோடா என்ற உளவியலாளர் குமாசி சிறார் நீதிமன்றப் பதிவேடுகளைப் பார்த்து 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். குவாஜோக்கள் அதில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வன்முறை வழக்குகளில் குவாக்குகள் அதிகம். சின்ன வயதிலிருந்தே "நீ கோபக்காரன்" என்று சொல்லி வளர்த்தால் பிள்ளை அப்படித்தானே ஆவான் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களிடம் வேலை பார்க்கும் குவாக்குவை அந்தக் கண்ணோடு பார்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம், பணம் சம்பந்தப்பட்டது. கூப்பிடும் பெயர் வேறு, பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு. நான் வந்த புதிதில் கட்டில் செய்து தந்த தச்சருக்கு மொபைல் மணி அனுப்பப் போனேன். எனக்குத் தெரிந்து அவர் யாவ். திரையில் வந்ததோ ஒரு கிறிஸ்தவப் பெயரும் இன்னொரு பெயரும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து நிறுத்திவிட்டேன். மறுநாள் அவர் வாசலில் வந்து, அடையாள அட்டையை இரு கையாலும் நீட்டிக் காட்டினார். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வேலை பேசும்போதே "அட்டையில் என்ன பெயர்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிழமைப் பெயருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் அப்பா தேர்ந்து வைப்பது. வழக்கப்படி பார்த்தால் அது குடும்பப் பெயராக இருக்க வேண்டியதில்லை. கூடப் பிறந்தவர்களுக்கே வேறு வேறாக இருக்கலாம். இனிஷியலோடு வாழ்ந்த நமக்கு இது புரியாததல்ல. சில பெயர்கள் பிறந்த வரிசையைச் சொல்லும். மூன்றாவது மகன் மென்சா, ஒன்பதாவது பிள்ளை இன்க்ருமா, பத்தாவது பாடு. இரட்டையர் அட்டா, அவர்களுக்கு அடுத்துப் பிறப்பது தாவியா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அட்டா அன்னான் இதே குமாசியில், 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை, இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். அன்னான் என்றால் நான்காவது பிள்ளை. பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது.

தாத்தாவின் பெயரை வைத்த குழந்தையைப் பெற்றவர்களே "நானா" என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தா பாட்டிக்கும் தலைவர்களுக்கும் உரிய மரியாதைச் சொல் அது. பெயரன்தானே நமக்கும் பேரன் ஆனான்! அதேபோல் குலம் தாய்வழி என்பதால் தாய்மாமனுக்குத் தனி இடம். "வோஃபா", அதாவது தாய்மாமன், என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால் எழுந்து நின்று, வலது கையால் கைகொடுங்கள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். எட்டாம் நாள், விடியற்காலையில் நடக்கும். தாமதமாகப் போனால் முடிந்திருக்கும். பெரியவர் ஒருவர் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பார், பிறகு ஒரு சொட்டு மது. நம் வீட்டில் சேனை வைப்பது நினைவுக்கு வரும். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், மதுவை மது என்று சொல் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, முழுப் பெயரையும் சொல்லி அழைப்பார். அப்போது நன்றாகக் காதுகொடுத்துக் கேளுங்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது குழந்தையை நீங்களும் அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும்.