கடற்கரை வீட்டுக்கு அந்தக்கால மினுக்கம்: காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள்

முல்லைத்தீவு, அளம்பில் பக்கம் கடலோரமாக விடுமுறை வீடு வைத்திருக்கிறீர்களா? அறுபதுகள், எழுபதுகளின் பகட்டில் அதை அலங்கரிக்க ஆசையென்றால், நிறத்தைத் தெரிவுசெய்ய முதல் உப்புக்காற்றை நினையுங்கள்.

தங்கநிற விளக்கு, மேசைக்கால் வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலே கறள் வெடித்துக் கிளம்பும், வேண்டாம். முழுப் பித்தளை கறுக்குமே தவிர அப்படி உக்காது. பழப்புளியைக் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடையுங்கள். ஈரம் நின்றால் பச்சை படியும். வார்னிஷ் அடித்த பித்தளைக்குப் புளி கூடாது, ஈரத்துணி போதும்.

பெரிய வட்டக் கண்ணாடி இந்தப் பாணிக்கு உயிர். ஆனால் ஓரத்தால் ஈரம் ஏறினால் பின்பூச்சு கறுத்துப்போகும். பின்னோரத்தைச் சிலிக்கனால் அடையுங்கள். வினாகிரி மணக்கும் வகை பூச்சையே தின்னும், நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். சுவரோடு ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டுக் கொழுவுங்கள்.

கதிரைக்குக் கடை கடையாக அலைய வேண்டாம். அம்மம்மா வீட்டு முதிரைச் சாய்மனைக் கதிரையைக் கேட்டு வாங்கி மினுக்குங்கள், மரத்தின் பொன்மஞ்சள் தானே எழும்பி வரும். அதற்கு மயில்நீல வெல்வெட் மெத்தை, கழற்றித் தோய்க்கக்கூடிய உறையோடு.