பல் காப்பீடா, தள்ளுபடித் திட்டமா? அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சொத்தைப் பல்லுக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உதவாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் அடிப்படைத் திட்டம்கூட வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. பல்லுக்குத் தனிக் காப்பீடு வேண்டும், இல்லாவிட்டால் கைக்காசுதான். இந்த இடைவெளியில்தான் ‘டென்டல் டிஸ்கவுன்ட் பிளான்’ என்னும் தள்ளுபடித் திட்டங்கள் விற்பனையாகின்றன. இரண்டிலும் ஓர் அட்டை தருகிறார்கள். இரண்டுக்கும் மருத்துவர் பட்டியல் உண்டு. ஆகவே தள்ளுபடித் திட்டத்தை மலிவான காப்பீடு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதை வாங்குவோரின் மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

காப்பீட்டு நிறுவனம் உங்கள் பில்லில் ஒரு பங்கைக் கட்டும். தள்ளுபடித் திட்டம் மருத்துவருக்கு ஒரு டாலர்கூடக் கட்டாது. ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு, தன் பட்டியலில் உள்ள மருத்துவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள் என்ற ஏற்பாட்டை மட்டும் செய்து தரும். அந்தக் குறைந்த கட்டணம் முழுவதையும் நீங்களே, பெரும்பாலும் சிகிச்சை நாளிலேயே, கட்ட வேண்டும்.

காப்பீடு வாங்குவோர் வேறொரு இடத்தில் தவறுகிறார்கள். பல் சுத்தம் செய்வதற்கு 100 சதவீதம், சொத்தை அடைக்க 80, கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) போன்ற பெரிய வேலைக்கு 50 என்ற வரிசையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. அதே தாளில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆண்டு உச்சவரம்பை யாரும் பார்ப்பதில்லை. பல திட்டங்களில் அது 1,000 முதல் 2,000 டாலர் வரைதான். அதைத் தாண்டிய செலவு முழுவதும் உங்களுடையது. மருத்துவக் காப்பீட்டில் ஓர் எல்லைக்கு மேல் நோயாளி செலவழிக்க வேண்டியதில்லை. பல் காப்பீட்டிலோ ஓர் எல்லைக்கு மேல் நிறுவனம் செலவழிக்காது. பெரிய வேலை காத்திருக்கும் வாய்க்கு இது மிக முக்கியமான செய்தி.

அடுத்தது காத்திருப்புக் காலம். தனியாக வாங்கும் பல காப்பீடுகளில் பெரிய சிகிச்சைக்கு 6 முதல் 12 மாதம் காத்திருக்க வேண்டும். வலி வந்த பிறகு ஓடிப்போய்க் காப்பீடு வாங்குவது பெரும்பாலும் பயன் தராததற்கு இதுவே காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். ரூட் கேனாலுக்கும் கிரவுனுக்கும் சேர்த்து மருத்துவரின் வழக்கமான கட்டணம் 2,700 டாலர்; காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் (நெட்வொர்க்) 1,900. பிரீமியம் ஆண்டுக்கு 480. காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால், முதலில் நீங்களே கட்ட வேண்டிய 50 டாலர் (டிடக்டிபிள்) போக மீதியில் பாதி, அதாவது 925 டாலரை நிறுவனம் தரும். பிரீமியத்தோடு உங்கள் செலவு 1,455. முடியாவிட்டால் நிறுவனம் எதுவும் தராது; உங்கள் செலவு 2,380. அதே வேலை, 150 டாலர் சந்தாவும் வழக்கமான கட்டணத்தில் 30 சதவீதக் கழிவும் உள்ள தள்ளுபடித் திட்டத்தில் 2,040. ஆக, எது மலிவு என்பதைத் திட்டத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை. உங்கள் வாயில் இந்த ஆண்டு என்ன வேலை இருக்கிறது, அது எப்போது நடக்க வேண்டும் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

‘60 சதவீதம் வரை தள்ளுபடி’ என்ற விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பல் சுத்தத்துக்குக் கிடைக்கும் கழிவு கிரவுனுக்குக் கிடைக்காமல் போகலாம். சதவீதத்தை விட்டுவிட்டு டாலரில் கேளுங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீடு உண்டு. டி2740 என்றால் பீங்கான் கிரவுன். மருத்துவமனையிடம் குறியீடுகளை வாங்கி, அவற்றுக்கான கட்டணப் பட்டியலைத் திட்டக்காரரிடம் கேட்டால் பேச்சுக்கு இடமிருக்காது. மருத்துவர் இப்போதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்று மருத்துவமனைக்கே தொலைபேசியில் கேட்பதும் அவசியம். இணையப் பட்டியல்கள் பழையனவாக இருக்கக்கூடும்.

ஏற்கெனவே இழந்த பல்லுக்கு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க நினைப்பவர்கள் காப்பீட்டில் ‘மிஸ்ஸிங் டூத்’ விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காப்பீடு தொடங்குமுன் விழுந்த பல்லுக்குப் பணம் கிடையாது என்பதே அந்த விதி. இப்படிப்பட்டவர்களுக்குத் தள்ளுபடித் திட்டம் உண்மையிலேயே கைகொடுக்கலாம்.

வேலை செய்யும் நிறுவனம் பிரீமியத்தில் பெரும்பங்கைக் கட்டினால் நான் தயங்காமல் காப்பீட்டையே எடுக்கச் சொல்வேன். ஊரிலிருந்து சில மாதங்களுக்கு வந்திருக்கும் பெற்றோரின் நிலைமை வேறு. பயணியர் காப்பீடு பெரும்பாலும் விபத்துக்கும் திடீர் வலிக்கும் சிறு தொகைதான் தரும். காத்திருப்புக் காலம் முடிவதற்குள் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். அவர்களுக்குத் தள்ளுபடித் திட்டத்தையோ, பல் மருத்துவக் கல்லூரிகளின் குறைந்த கட்டணச் சிகிச்சையையோ பாருங்கள்.

எதை எடுத்தாலும் பெரிய வேலைக்கு நாள் குறிக்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள். காப்பீடு என்றால், மருத்துவமனை வழியாக நிறுவனத்துக்கு அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்ற கணிப்பை முன்கூட்டியே பெறலாம்.