முதல் வரைவுக்குப் பிறகுதான் வேலை: பினாங்கில் கவிதை பழகுவோருக்கு

மனநிலை வந்தால் எழுதலாம் என்று காத்திருப்பவருக்குக் கவிதை எப்போதாவதுதான் வரும். வரும் நாளிலும் கையில் சரக்கு இருக்காது. ஏக்கம், தனிமை, இனப்பற்று என்று உணர்ச்சிகளின் பெயர்கள் மட்டும் இருக்கும். கவிதைக்கு முதலில் வேண்டியது கண்ணால் பார்த்த பொருள். அடுத்து வேண்டியது, எழுதியதை வாய்விட்டுப் படித்து வெட்டும் பொறுமை.

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். கைத்தொலைபேசியிலும் குறிக்கலாம், ஆனால் அதில் அழித்த சொல் போயே போய்விடும். நோட்டில் கோடிட்டு அடித்த சொல் கண்ணில் படுவது திருத்தும்போது பெரிய உதவி. நாளுக்கு மூன்று வரி எழுதுங்கள். கண்டது, கேட்டது, முகர்ந்தது மட்டுமே இடம்பெறலாம். ‘அழகான’, ‘சோகமான’ போன்ற அடைகளும் உவமையும் இந்த நோட்டுக்குள் வரக்கூடாது.

ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்களம் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் பசியாறிவிட்டுக் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோவில் பக்கம் அரைமணி நேரம் நில்லுங்கள். கோவில் 1833இல் எழுந்தது என்பது அறிவிப்புப் பலகைக்கான செய்தி. பூக்கடைக்காரர் நூலை எந்த விரலில் சுற்றிக்கொள்கிறார், ஈரத்துணி எதன்மேல் கிடக்கிறது, யாரிடம் மலாயில் விலை சொல்லி யாரிடம் தமிழுக்கு மாறுகிறார் என்பவைதாம் நோட்டுக்கான செய்திகள். அங்கேயே அதைக் கவிதையாக்க முனையாதீர்கள். சொற்கள் முந்திக்கொண்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும்.

வாரத்தில் ஒருநாள் நோட்டைப் புரட்டி ஒரே ஒரு குறிப்பை எடுங்கள். இருபது நிமிடம், நிறுத்தாமல், பத்துப் பன்னிரண்டு வரி. முதல் வரைவில் பழகிய சொற்கள்தாம் வந்து விழும். அதில் தவறில்லை, அவை வெளியே வந்தால்தான் வெட்ட முடியும். பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியைப் பற்றிய ஒரு வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

தனிமை என்னும் கடலில்
என் இதயப் படகு
கண்ணீர் அலைகளில் தவிக்கிறது.
ஃபெரி நகர்கிறது
நீ இல்லாத கரையை நோக்கி.

ஃபெரியும் கடலும் கரையும் கண்முன்னே நிஜமாக இருக்கின்றன. அப்படியிருக்க, மனத்துக்குள் இன்னொரு கடலையும் இன்னொரு படகையும் கொண்டுவந்ததால் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கின்றன. ‘இதயப் படகு’, ‘கண்ணீர் அலை’ போன்ற கூட்டுகளைக் கண்டால் முதல் சொல்லை அடித்துப் பாருங்கள். மிச்சமிருப்பது நீங்கள் நேரில் பார்த்ததாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதையும் அடியுங்கள். ‘நீ’ யாரென்று கவிதைக்குள் எங்கும் தெரியவில்லை, அதுவும் போகட்டும். பிறகு நோட்டுக்குத் திரும்பினால், ஃபெரி கிளம்பும்போது கயிறு சுருட்டிய ஆள் கிடைப்பார்:

ஃபெரி கிளம்பிவிட்டது.
கயிற்றைச் சுருட்டுகிறவர்
கரையைப் பார்க்கவில்லை.

பிரிவு என்ற சொல் இல்லாமலே பிரிவு வந்துவிட்டது. ‘கயிற்றை’, ‘கரையை’ என்று முதலெழுத்து ஒன்றி அமைந்த மோனை கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துக் கட்டுகிறது. புதுக்கவிதைக்கு ஓசை வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

திருத்தத்தை எழுதிய அன்றே தொடங்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் மூடி வையுங்கள். எழுதிய சூட்டில் படித்தால், தாளில் இல்லாததையும் மனம் நிரப்பிப் படித்துவிடும். அதன்பின் மூன்று முறை படிக்க வேண்டும். முதல்முறை நீங்களே உரக்கப் படியுங்கள்; மூச்சு முட்டும் இடத்தில் வரியை உடையுங்கள். அடுத்து, பதிவு செய்து கேளுங்கள். குரல் தானாகத் தழுதழுக்கும் இடத்தில் சொல் வலுவாக இல்லை, குரல்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கடைசியாக, கவிதையைப் பார்த்திராத ஒருவரைப் படிக்கச் சொல்லி நீங்கள் தாளில் கோடு போடுங்கள். அவர் தடுமாறும் இடம் எதுவோ அதுவே பழுது. விளக்கம் மட்டும் சொல்லாதீர்கள்.

கடைசி இரண்டு வரிகளைத் தனியாகக் கவனியுங்கள். அவை பெரும்பாலும் மேலே காட்டியதற்கு உரை சொல்லும் வரிகளாக இருக்கும். அவற்றை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். குறை தெரியாவிட்டால் வெட்டிவிடலாம்.

காது கூர்மையாக வாரம் ஒரு குறள் வெண்பா கட்டுங்கள், மரபில் எழுதும் எண்ணம் இல்லாதவர்களும்தான். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. சீர் அசைகளால் ஆனது: ஒரு குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேரசை, இரு குறிலோ குறிலும் நெடிலுமோ அப்படி இணைந்து வந்தால் நிரையசை. ஈரசைச்சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச்சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. மாச்சீரை அடுத்து நிரை, விளச்சீரை அடுத்து நேர், காய்ச்சீரை அடுத்து நேர் வர வேண்டும். கனிச்சீருக்கு இடமில்லை. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகிய நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடியும். ஃபெரிக் குறிப்பையே எடுத்துக்கொண்டால்:

ஓடும் படகின் ஒருபுறத்தே நின்றார்க்கு
வீடும் தொலைவில் விளக்கு.

‘ஓடும்’ தேமா, அதாவது மாச்சீர்; அடுத்த ‘படகின்’ நிரையில் தொடங்குகிறது. ஃபெரியைப் படகு என்பது பொருந்தாதே என்று ‘கப்பலின்’ எனப் போட்டால் மாவை அடுத்து நேர் வந்து, வெண்பாவுக்கு ஆகாத ஆசிரியத்தளை ஆகிவிடும். ‘ஓடும்’, ‘வீடும்’ இரண்டாம் எழுத்து ஒன்றுவதால் எதுகை. இரண்டடியிலும் முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனை. புதியவர்கள் அதிகம் சறுக்குவது ‘தான்’, ‘நன்கு’, ‘மிக’ என்று அசையை நிரப்பச் சொல் செருகும்போது. சீர் சரியாக இருக்கும், அடி செத்துக் கிடக்கும். அப்படி நேர்ந்தால் ஒட்டுப்போடாமல் அடியையே மாற்றி எழுதுங்கள்.

பினாங்குப் பேச்சில் புழங்கும் சொற்களுக்கு அஞ்ச வேண்டாம். கடைவீடுகளின் முன்னால் கூரையின்கீழ் ஓடும் அஞ்சடியை வெறும் நடைபாதை ஆக்கினால் கடைவீட்டின் நிழல் போய்விடும். ஒரு சொல்லுக்கு அடிக்குறிப்பு தேவை என்று தோன்றினால், அடுத்த வரியில் அந்தப் பொருளைப் புழங்கவிடுங்கள். வாசகருக்குத் தானே விளங்கும்.

ஏட்டுக்கு அனுப்பும்போது ஒரு தடவைக்கு மூன்று கவிதைக்கு மேல் வேண்டாம். யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, வரி உடைப்பு மாறாமலிருக்கப் பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். பத்தி அகலத்துக்காக அச்சில் வரிகள் ஒட்டிக்கொள்வது வழக்கமான விபத்து. பண்டிகை மலருக்கு என்றால் இரண்டு மாதம் முன்னதாகவே அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அதே கவிதையைப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிராதீர்கள். ஏற்கெனவே வெளியானது என்று ஆசிரியர் ஒதுக்கிவிடக்கூடும். திரும்பி வந்தால் முதல் வேலையாக மறுபடி உரக்கப் படித்து, கோடு போட்ட பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.