பிளிஸ்டர் லைனில் கேமரா வைக்கப் போகிறீர்களா? முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

மாத்திரையைக் குழிகளில் போட்டு ஃபாயில் ஒட்டும் பிளிஸ்டர் பேக்கிங் லைனில், குறைகளைப் பிடிக்கக் கேமரா வைக்கலாம் என்றதும் எல்லாரும் கேட்பது "எத்தனை மெகாபிக்ஸல்?" என்றுதான். அதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். குழிகள் உள்ள ஷீட்டின் அகலம் 250 மி.மீ., கேமராவில் குறுக்கே 2,500 பிக்ஸல் என்றால் ஒரு பிக்ஸல் 0.1 மி.மீ. ஒரு குறையை நம்பிச் சொல்ல மூன்று, நான்கு பிக்ஸலாவது வேண்டும் என்பதால் ஓரத்தில் அரை மி.மீ. உடைந்திருந்தால் பிடித்துவிடலாம். சரி, அந்தப் பேச்சு அதோடு போதும்.

கேமராவுக்கு இடம், மாத்திரை குழியில் விழுந்த பிறகு, ஃபாயில் ஒட்டுவதற்கு முன்னால். ஒட்டிய பிறகு பார்த்தால் ஃபாயிலின் பளபளப்பு குறுக்கே வரும், இரண்டு பக்கமும் அலுமினியமாக இருக்கும் அலு-அலு பேக்கில் உள்ளே மாத்திரை இருக்கிறதா என்றே தெரியாது.

இப்போது வெளிச்சம். வெள்ளை மாத்திரை, குழி நிறமில்லாத பி.வி.சி. பிளாஸ்டிக் என்றால் அடியில் பளபளப்பில்லாத கறுப்புத் தகடு வையுங்கள். விளக்கை நேராக அடித்தால் குழியின் வளைவில் வெள்ளைப் புள்ளி விழும், மென்பொருள் அதை மாத்திரைத் துண்டு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் டோம் லைட்தான் சரி. ஒரு லைனில், ஆபரேட்டர் பேனல் பக்கம் குனிந்தாலே நல்ல ஷீட்டெல்லாம் ரிஜெக்ட் ஆனது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அவருடைய வெள்ளைக் கவுன் குழியில் பிரதிபலித்திருக்கிறது! கேமராவைச் சுற்றி ஒரு கூடு போட்டதும் நின்றுவிட்டது. வெள்ளை பி.வி.சி.யில் வெள்ளை மாத்திரை என்றால் மட்டும் கலர் கேமராவோடு மல்லுக்கட்டாதீர்கள், உயரத்தை அளக்கும் 3டி கேமரா வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ஷீட் நொடிக்கு 200 மி.மீ. ஓடும்போது 1 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர் (கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம்) கொடுத்தால் படம் 0.2 மி.மீ., அதாவது இரண்டு பிக்ஸல் இழுபடும். 0.2 மில்லிசெகண்டுக்குக் குறைத்து, பளிச்சென்று மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கால் ஈடுகட்டுங்கள். நின்று நின்று ஓடும் மெஷினில் நிற்கும் நேரத்திலேயே படமெடுத்துக்கொள்ளலாம்.

கெட்ட ஷீட்டைத் தள்ளிவிடும் ரிஜெக்ட் வயரிங்கில் பலர் கோட்டை விடுகிறார்கள். "இது கெட்டது" என்று சிக்னல் வந்தால் தள்ளு என்று வைக்காதீர்கள், கேபிள் கழன்றால் எல்லாமே நல்லதாகிவிடும். "இது நல்லது" என்று சிக்னல் வந்தால்தான் போக விட வேண்டும். ரிஜெக்ட் பெட்டியின் வாயில் ஒரு சென்சார், தள்ளியது உள்ளே விழவில்லை என்றால் மெஷின் நிற்க வேண்டும்.

அப்புறம் சேலஞ்ச் டெஸ்ட், அதாவது வேண்டுமென்றே குறையுள்ளதைப் போட்டு கேமரா பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஷிப்ட் தொடக்கத்திலும், லைன் நின்று ஓடும்போதும், பேட்ச் முடிவிலும் காலிக் குழி, பாதி உடைந்தது, வேறு நிறம், கிட்டத்தட்ட அதே அளவுள்ள வேறு மாத்திரை என்று போட்டுப் பாருங்கள். நடுவில் மட்டும் போடாதீர்கள், மூலைக் குழிகளில்தான் வெளிச்சம் குறையும். போட்டதை எண்ணித் திரும்ப எடுங்கள், ஏனென்றால் சோதனைக்காகப் போட்ட வேறு மாத்திரையே ஒன்று தங்கிவிட்டால் அதைவிடப் பெரிய வம்பு இல்லை.

ராத்திரி ஷிப்டில் தவறான ரிஜெக்ட் கூடினால் எவ்வளவு வித்தியாசம் வரை விடலாம் என்ற டாலரன்ஸ் அளவைத் தளர்த்தத்தான் கை போகும். தூசி ஒட்டுகிறதென்றால் தூசி உறிஞ்சியைப் பாருங்கள், அளவைத் தொடாதீர்கள். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ஆடிட் டிரெயிலில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகும் மருந்தென்றால் 21 சி.எஃப்.ஆர். பார்ட் 11 என்ற அந்நாட்டு விதி கேட்பதும் இதைத்தான். பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தால் இதெல்லாம் வீண்.

கேமரா பார்ப்பது மாத்திரையின் மேல்பக்கத்தை மட்டுமே. சீலிங் சரியா என்பதற்கு மெத்திலீன் ப்ளூ கரைசலில் முக்கி வாக்குவம் போடும் லீக் டெஸ்ட் தொடர்ந்து இருக்கத்தான் வேண்டும், கேமரா வந்தாச்சே, அதை நிறுத்திடலாமா என்று கேட்ட மேனேஜர்களையும் பார்த்திருக்கிறேன்.