கிரானைட் ஊரில் மரத்தரை: மாடி அறைக்கு நானே பலகை போட்டேன், நீங்களும் போடலாம்

கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரானைட். அந்த ஊரில் மரத்தரை போடப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாடி அறையிலும் கிரானைட்தான் கிடந்தது. மார்கழி விடியலில் அதில் காலை வைத்தால் உச்சந்தலை வரை சில்லென்று ஏறும். அதை உடைக்காமல் மேலேயே பலகை போட்டேன்.

முதலில் வாங்குவது. கடையில் ‘உட்டன் ஃப்ளோரிங்’ என்று கேட்டால் பாதிப் பேர் லேமினேட்டைத்தான் எடுத்து வைப்பார்கள். அது மரத்தூள் அட்டைமேல் மரத்தின் படத்தை ஒட்டியது. பலகையின் வெட்டுமுகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். முழு மரப்பலகையைப் பெரும்பாலும் ஆணியடித்துத்தான் பொருத்துவார்கள், நம் வீட்டு கான்கிரீட்டில் அது பெரிய தொல்லை. அதனால் என் ஓட்டு என்ஜினீயர்டு பலகைக்கு. அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், மேலே அசல் மரம். அந்த மேல் மரம் 3 மி.மீ.க்குக் குறைந்தால் நான் வாங்க மாட்டேன். பாலிஷை ஆலையிலேயே முடித்து அனுப்புகிறார்கள். அலுமினியம் ஆக்சைடு கலந்த பூச்சைப் புற ஊதா ஒளியில் உலர்த்துவதால் வீட்டில் தேய்ப்பும் கிடையாது, வாடையும் கிடையாது.

அளவைப் பார்ப்போம். என் அறை 14க்கு 12 அடி, 168 சதுர அடி. வெட்டில் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 185. ஒரு பெட்டி 22 சதுர அடி, ஆக 9 பெட்டி. பெங்களூரிலிருந்து வந்ததும் பிரிக்கத்தான் கை துறுதுறுக்கும், பிரிக்காதீர்கள். பெட்டிகளை அதே அறையில் படுக்கப்போட்டு மூன்று நாள் விடுங்கள், அறையின் சூடும் ஈரப்பதமும் மரத்துக்குப் பழகட்டும்.

அந்த மூன்று நாளில் அடித்தரையைப் பாருங்கள். ஆலையிலேயே பாலிஷ் முடிந்த பலகை என்பதால் கடைசியில் தேய்த்து மட்டம் பண்ணிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. மேஸ்திரியின் மட்டப்பலகையை வாங்கிவந்து அறை முழுக்க நகர்த்திப் பாருங்கள். இரண்டு மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும், மேடு இருந்தால் தேய்க்க வேண்டும். கீழ்த்தளம் என்றால் ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

போடும் முன் ஒரு கணக்கு. என் பலகை 190 மி.மீ. அகலம். 12 அடி என்பது 3658 மி.மீ., மரம் விரிய இரு சுவரோரமும் 10 மி.மீ. விட்டால் 3638. அதில் 19 வரிசை போக மிச்சம் 28 மி.மீ. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பட்டியைக் கடைசியில் சொருகுவது பெரிய அவஸ்தை, பார்க்கவும் அசிங்கம். அதனால் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 109 மி.மீ.க்கு அறுத்து, நடுவில் 18 முழு வரிசை போட்டேன்.

அப்புறம் பலகைக்கு அடியில் மெத்தை மாதிரி கிடக்கும் ஃபோம் தாளை விரித்து, நூல் பிடித்து, நீளச் சுவரிலிருந்து தொடங்குங்கள். சுவரை நம்பாதீர்கள், எங்கள் வீட்டில் ஒரு மூலைகூட மூலைமட்டத்துக்கு ஒத்துவரவில்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. ஆப்புகளை வையுங்கள். மூன்று நான்கு பெட்டிகளைப் பிரித்துக் கலந்து எடுத்தால் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியாது. அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்பு ஓர் அடியாவது தள்ளி விழட்டும். பலகையை நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள், துண்டுக் கட்டையை வைத்துத் தட்டுங்கள். அறுக்க நான் பல் சன்னமான கைரம்பம்தான் வைத்திருக்கிறேன், வேகம் குறைவு என்றாலும் அறை முழுக்கத் தூசி பறக்காது. கைரம்பத்துக்குப் பலகையின் முகம் மேலே இருக்க வேண்டும், ஜிக்சா என்ற மின்ரம்பத்துக்குக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் பூச்சு சிராய் சிராயாகப் பெயர்ந்து வரும். எனக்கு இரண்டு பலகை போனது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம்: கதவு நிலை. சுவரோரம் ஒழுங்காக இடைவெளி விட்டவன், நிலைக்கால் பக்கம் மட்டும் அழகாகத் தெரியட்டும் என்று பலகையை அதன் வடிவத்துக்கே வெட்டி இறுக்கிச் சொருகிவிட்டேன். சித்திரை வெயிலில் செய்த வேலை. ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் பாதியில் நின்றுவிட்டது. கீழே பார்த்தால் இரண்டு வரிசை பூரி மாதிரி உப்பியிருக்கிறது, மிதித்தால் ‘டப்’ என்கிறது. மரம் ஈரத்தை இழுத்து அகலத்தில் விரிந்திருக்கிறது, ஒதுங்க இடமில்லாததால் மேலே எழும்பிவிட்டது.

சரியான வழி நிலைக்காலின் அடியைத்தான் அறுப்பது. மிச்சமான பலகைத் துண்டை ஃபோமின்மேல் வைத்து, அதன்மேல் ரம்பத்தைப் படுக்கவைத்து 20 மி.மீ. ஆழத்துக்கு அறுத்து, உளியால் கொத்தி எடுத்தால் பலகை உள்ளே நுழையப் பொந்து கிடைக்கும். பலகையைப் பாதி ஆழத்துக்கு மட்டும் நுழையுங்கள், உள்ளே 10 மி.மீ. சும்மா இருக்கட்டும். இங்கே இன்னொரு சிக்கல்: என்னுடையது கிளிக் பலகை, அதாவது ஒன்றின் ஓரத்து நாக்கு அடுத்ததன் காடியில் (பள்ளத்தில்) மாட்டிக்கொள்ளும் வகை. அதைச் சாய்த்துப் பொருத்த வேண்டும், நிலைக்கு அடியில் சாய்க்க இடமிருக்காது. காடியின் கீழுதட்டில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பை உளியால் சீவிவிட்டு, மரப்பசை தடவி, படுக்கையாகவே தள்ளுங்கள். ஒரு இரவு அதில் யாரும் நடக்கக்கூடாது. எனக்கு இது முடிய ஒரு முழு மதியம் ஆனது, அறையின் மற்ற பகுதியெல்லாம் ஒன்றரை நாள்தான்.

சுவரோர இடைவெளியை மூடும் ஓரப்பட்டியைச் சுவரில் அடியுங்கள், பலகையில் அடித்தால் தரை நகர முடியாது. தரை ஏறக்குறைய 16 மி.மீ. உயர்ந்திருப்பதால் கதவின் அடியையும் ஆசாரியிடம் கொடுத்து இழைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: கரையான் வராதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வரும். முன்பே கரையான் பார்த்த வீடு என்றால் மருந்து அடித்துவிட்டுத்தான் மரம். ஓசூரிலிருந்து ஒருவர் அலமாரிக்கு அடியிலும் போடலாமா என்றார். சுவரோடு அடித்த அலமாரி என்றால் அதைச் சுற்றித்தான் போட வேண்டும், இது அடித்தரையோடு ஒட்டாமல், ஆணியடிக்காமல் சும்மா கிடக்கும் மிதக்கும் தரை, அலமாரியின் கனம் அதை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது பற்றி யாரும் கேட்கவில்லை, எங்கள் அம்மாவிடம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இப்போதைக்கு நன்றாகப் பிழிந்த துணி வரை இறங்கி வந்திருக்கிறார்.